விபத்துச் சிகிச்சைச் செலவை எதிர் வண்டியின் இன்சூரன்ஸிடம் வாங்குவது எப்படி?

கேள்வியின் சாரம் இது. அண்ணன் பைக்கில் தன் பக்கமாக நேராகப் போயிருக்கிறார். எதிரே லாரியை முந்தி வந்த கார் மோதி வலது தொடை எலும்பு முறிந்துவிட்டது. தனியார் மருத்துவமனையில் 19 நாள் இருந்தார், பில் 4,60,000 ரூபாய். அதில் 2,00,000 அவருடைய சொந்த மருத்துவக் காப்பீட்டில் வந்தது. கார்க்காரர், "50,000 தருகிறேன், கேஸ் வேண்டாம்" என்கிறார். முழுச் செலவும் கிடைக்குமா?

கிடைக்கும். ஆனால் பில் கையில் இருப்பதால் மட்டும் கிடைக்காது. விபத்து, அதனால் வந்த காயம், அந்தக் காயத்துக்கான சிகிச்சை, அந்தச் சிகிச்சைக்கான பில், அந்தப் பில்லுக்குப் பணம் கட்டியது ஆகிய ஐந்தும் காகிதத்தில் ஒன்றோடொன்று கோத்து நிற்க வேண்டும். எந்தக் கண்ணி விட்டுப்போகிறதோ, அந்த இடத்தில்தான் இன்சூரன்ஸ் வக்கீல் கை வைப்பார்.

முதலில் அந்த 50,000. வாங்க வேண்டாம். முக்கியமாக, காவல் நிலையத்தில் வைத்து "சமாதானமாகப் போகிறோம், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட வேண்டாம். நஷ்டஈடு கார்க்காரர் பையிலிருந்து வரப்போவதில்லை. அவருடைய மூன்றாம் நபர் காப்பீடு கொடுக்கும். உயிரிழப்புக்கும் உடற்காயத்துக்கும் அந்தக் காப்பீட்டில் தொகை உச்சவரம்பு கிடையாது. அவர் பயப்படுவது பெரும்பாலும் குற்ற வழக்குக்காக. அதற்கு நீங்கள் 4,10,000 ரூபாயை விட்டுக்கொடுக்கத் தேவையில்லை.

அடுத்தது கெடு. 2019 திருத்தத்துக்குப் பிறகு, மோட்டார் வாகனச் சட்டம் 166(3) பிரிவின்படி விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும். 1.4.2022 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. இந்தக் கெடுவை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்தில் இருப்பதை நம்பித் தள்ளிப்போடாதீர்கள். கணக்கு விபத்து நாளிலிருந்து ஓடுகிறது, டிஸ்சார்ஜ் ஆன நாளிலிருந்து அல்ல. "சிகிச்சை முடியட்டும், எல்லா பில்லும் சேரட்டும்" என்று காத்திருந்துதான் பலர் கோட்டை விடுகிறார்கள். மனுவை முதலில் போட்டுவிடுங்கள். பிறகு வரும் பில்களைச் சாட்சியம் சொல்லும் கட்டத்தில் சேர்க்கலாம். இன்னொரு காரணமும் உண்டு: 171-வது பிரிவின்படி வட்டி, மிக முன்னதாக என்றால் மனு தாக்கலான நாளிலிருந்துதான். ஒவ்வொரு மாதத் தாமதமும் வட்டியில் இழப்பு.

எங்கே போடுவது? விபத்து நடந்த ஊர், உங்கள் அண்ணன் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் ஊர், எதிர்மனுதாரர் வசிக்கும் ஊர், இந்த மூன்றில் எங்குள்ள மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலும் போடலாம். காலில் கம்பியோடு இருப்பவர் 200 கிலோமீட்டர் தாண்டி வாய்தாவுக்கு அலைய வேண்டியதில்லை. மாவட்டங்களில் மாவட்ட நீதிமன்றமோ சார்பு நீதிமன்றமோ இந்தத் தீர்ப்பாயமாக இருக்கும், சென்னையில் சிறுவழக்குகள் நீதிமன்றம். காரின் ஓட்டுநர், உரிமையாளர், இன்சூரன்ஸ் கம்பெனி மூவரையும் எதிர்மனுதாரர்களாகச் சேருங்கள்.

இந்த இடத்தில் ஒரு குறுக்குவழி வரும், அதைக் கவனமாகப் பாருங்கள். 164-வது பிரிவில், யார் மீது தவறு என்று நிரூபிக்காமலே கொடுங்காயத்துக்கு 2,50,000 ரூபாய் உண்டு. தொடை எலும்பு முறிவு கொடுங்காயம்தான். ஆனால் 149-வது பிரிவின் நடைமுறைப்படி அந்தத் தொகையை ஏற்றுக்கொண்டால், 166-ல் போட்ட மனு காலாவதியாகிவிடும். மருத்துவச் செலவே 4,60,000 இருக்கும்போது இதை ஏற்பது நஷ்டம். மோதியவர் மீது தவறைக் காட்டவே வழியில்லாத வழக்குக்கு அது பொருந்தும். வண்டியே அடையாளம் தெரியாமல் ஓடிவிட்டால் வழி வேறு: மோதிவிட்டு ஓடிய வண்டிகளுக்கான மத்திய அரசின் 2022 திட்டத்தில் கொடுங்காயத்துக்கு 50,000, உயிரிழப்புக்கு 2,00,000. அண்ணன் வேலை நேரத்தில் வேலைக்காகப் போனபோது அடிபட்டிருந்தால் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்திலும் கேட்கலாம். ஆனால் 167-வது பிரிவின்படி இரண்டில் ஒன்றுதான், இரண்டிலும் வாங்க முடியாது.

இனி தவறை நிரூபிப்பது. கார் ஓட்டியவர் "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்" ஓட்டினார் என்பது எப்.ஐ.ஆரில் இருந்தால் தொடக்கம் நல்லது, ஆனால் அது மட்டும் போதாது. இது குற்ற வழக்கு அல்ல. சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று காட்டினால் போதும். ஓட்டுநர் குற்ற வழக்கில் விடுதலையானாலும் இந்த மனு விழுந்துவிடாது. வாங்க வேண்டிய நகல்கள்: எப்.ஐ.ஆர்., மாதிரி வரைபடம் (விபத்து இடத்தைப் போலீஸ் வரைந்த படம்), பார்வை மகஜர் (அந்த இடத்தைப் பார்த்து அவர்கள் எழுதிய குறிப்பு), இரண்டு வண்டிகளுக்கும் மோட்டார் வாகன ஆய்வாளர் கொடுத்த அறிக்கை, குற்றப்பத்திரிகை. இவற்றில் மாதிரி வரைபடத்தை நீங்களே உட்கார்ந்து பாருங்கள். கார் தன் பக்கத்தைத் தாண்டி வந்தது என்பது உங்கள் வழக்கின் உயிர். மோதிய புள்ளி சாலையின் எந்தப் பக்கத்தில், நடுக்கோட்டிலிருந்து எத்தனை அடியில் குறிக்கப்பட்டிருக்கிறது, வடக்கு தெற்கு சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஆய்வாளர் அறிக்கையில் கார், பைக் இரண்டின் எந்தப் பகுதி நசுங்கியது என்பது அந்த வரைபடத்தோடு ஒத்துப்போக வேண்டும். முரண் இருந்தால் இப்போதே வக்கீலிடம் சொல்லுங்கள். குறுக்கு விசாரணையில் முதல்முறையாகத் தெரிந்துகொள்ளும் விஷயமாக அது இருக்கக் கூடாது.

போலீஸுக்கும் இதில் வேலை இருக்கிறது. 2022 விதிகளின்படி முதல் விபத்து அறிக்கையை 48 மணி நேரத்துக்குள்ளும், இடைக்கால அறிக்கையை 50 நாளுக்குள்ளும், விரிவான அறிக்கையை 90 நாளுக்குள்ளும் கொடுக்க வேண்டும். தீர்ப்பாயம் அந்த அறிக்கையையே மனுவாக எடுத்துக்கொள்ள 166(4) இடம் கொடுக்கிறது. அதை நம்பிச் சும்மா இருக்காமல் உங்கள் மனுவைத் தனியாகப் போடுங்கள். எப்.ஐ.ஆரே பதியவில்லை என்றால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபால், அதற்கும் அசையாவிட்டால் குற்றவியல் நடுவரிடம் மனு. புகார் சில நாள் தாமதமானதாலேயே வழக்கு பொய்யாகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2011-ல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் தாமதத்துக்கான காரணம், உதாரணமாக அவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தது, புகாரிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

மருத்துவமனையில் முதலில் எழுதப்படும் விபத்துப் பதிவேட்டின் நகலைத்தான் எல்லோரும் ஏ.ஆர். காப்பி என்கிறோம். இந்த ஒற்றைத் தாள் நிறைய வழக்குகளின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது. அவசரத்தில் யாரோ ஒருவர் "வண்டியிலிருந்து விழுந்துவிட்டார்" என்று சொல்ல, டியூட்டி டாக்டர் அப்படியே எழுதிவிடுவார். மோதிய கார் என்ற சொல்லே அதில் இராது. பிறகு இன்சூரன்ஸ் தரப்பு, "தானாக விழுந்தவர் காரைப் பின்னால் சேர்த்துக்கொண்டார்" என்று வாதாடும். அப்படி எழுதியிருந்தால், அழைத்து வந்தவரின் பெயர், நேரம், அவர் நேரில் பார்த்தவரா என்பதைக் காட்டி விளக்கம் கொடுக்க வேண்டும். சம்பவத்தை நேரில் பார்த்த சாட்சி ஒருவர் அவசியம் தேவைப்படும். பதிவேட்டில் பேனாவால் திருத்தச் சொல்லிக் கேட்காதீர்கள், அது இன்னும் கெடுதல். "மது வாடை" என்ற குறிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். இரத்தப் பரிசோதனை இல்லாத வெறும் குறிப்பு தவறை நிரூபிக்காது, ஆனாலும் பதில் தயாராக இருக்க வேண்டும்.

உங்கள் அண்ணன் மீதும் கொஞ்சம் தவறு என்று தீர்ப்பாயம் முடிவு செய்தால் அந்த விழுக்காடு மொத்தத்தில் கழியும். 25 விழுக்காடு என்றால் 4,60,000-க்கு 3,45,000. இதற்கு வழக்கமாக எடுக்கும் ஆயுதங்கள் ஹெல்மெட் இல்லை, லைசென்ஸ் இல்லை, மூன்று பேர் போனார்கள் என்பவை. விதியை மீறியது வேறு, அந்த மீறல் விபத்துக்கோ காயத்துக்கோ காரணமாக இருந்தது வேறு. மூன்று பேர் போனதாலேயே பங்குத் தவறு ஆகிவிடாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தொடை எலும்பு முறிவுக்கும் ஹெல்மெட்டுக்கும் என்ன தொடர்பு என்று உங்கள் வக்கீல் நேராகவே கேட்கலாம்.

இப்போது பில். அதிகப் பணம் வீணாவது இங்கேதான் என்பதால் இதை விரிவாகச் சொல்கிறேன்.

முதல் வேலை, கறுத்து மங்கும் வெப்பத்தாள் பில்களை எல்லாம் இன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்து, மூலத்தோடு சேர்த்துக் குத்துவது. சாட்சிக் கூண்டில் ஏறும்போது இரண்டு வருடம்கூட ஆகியிருக்கலாம். அப்போது வெள்ளைத் தாளை யாரும் சான்றாவணமாகக் குறிக்க மாட்டார்கள்.

பிறகு ஒரு நோட்டை எடுத்து எல்லாவற்றையும் தேதி வரிசையில் எழுதுங்கள்: வரிசை எண், தேதி, யார் கொடுத்த பில், பில் எண், எதற்கு, தொகை, பணம் கட்டிய விதம். எழுதும்போதே குறைகள் தெரிந்துவிடும். மருந்துக்கடை பில்லில் "ரொக்கம்" என்று மட்டும் இருக்கும், நோயாளி பெயரே இராது. டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய மருந்துக்கு அந்தத் தேதியின் மருந்துச்சீட்டு இராது. பெயரில் இனிஷியல் மாறியிருக்கும். உள்நோயாளி எண் ஒரு பில்லில் ஒன்று, இன்னொன்றில் வேறு. இவற்றைச் சரிசெய்யும் காலம் இதுதான், மருத்துவமனைக் கணினியில் பதிவு இருக்கும்போதே.

மிகவும் ஆபத்தான தவறு முன்பணச் சீட்டு. மருத்துவமனை மூன்று தடவை 50,000 வாங்கி மூன்று சீட்டு கொடுத்திருக்கும். கடைசி பில் 4,60,000, அதிலேயே "முன்பணம் கழிவு 1,50,000" என்று இருக்கும். கட்டில் உள்ள எல்லாத் தாளையும் கூட்டினால் 6,10,000 வரும். கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமலே பலர் இப்படிக் கூட்டிவிடுகிறார்கள். குறுக்கு விசாரணையில் இது வெளிப்பட்டால் அந்த 1,50,000 மட்டும் போகாது, மற்ற நேர்மையான பில்கள் மீதும் சந்தேகம் விழும். கடைசி பில்லை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டு, முன்பணச் சீட்டுகளைப் பணம் கட்டியதற்கு ஆதாரமாகத் தனியே வையுங்கள். மதிப்பீட்டுத் தாளும் பில் அல்ல.

ஒருவரித் தொகையாக "அறுவை சிகிச்சை மற்றும் இதர: 3,20,000" என்று இருந்தால் வரிவரியாகப் பிரித்த பில் கேளுங்கள். தொடை எலும்புக்குள் வைத்த கம்பி அல்லது தகட்டின் ஸ்டிக்கர் நோயாளிக் கோப்பில் ஒட்டியிருக்கும், அதன் நகலையும் வாங்கிக்கொள்ளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் உள்ள சிகிச்சையும் பில்லில் உள்ள சிகிச்சையும் ஒன்றாக இருக்க வேண்டும். பழைய சர்க்கரை நோய்க்கோ வேறு நோய்க்கோ அந்த 19 நாளில் பார்த்த செலவை இன்சூரன்ஸ் தரப்பே பிரித்தெடுத்துக் கழிக்கக் கேட்கும். ஆனால் அறுவைக்கு முன் சர்க்கரையைக் கட்டுப்படுத்த வேண்டியிருந்தது என்றால், அது விபத்தால் வந்த செலவுதான். அதை டாக்டர் ஒரு வரியில் எழுதித் தரட்டும்.

பில்லை யார் நிரூபிப்பது? மனுதாரரே சாட்சி சொல்லிக் குறிக்கலாம். சிறு தொகைகளுக்கு அது போதும். பெரிய பில்லை எதிர்த்தரப்பு மறுத்தால், மருத்துவமனையின் பில்லிங் பிரிவு அல்லது மருத்துவப் பதிவேடு பிரிவிலிருந்து ஒருவரைச் சம்மன் மூலம் வரவழைக்க மனு போடுங்கள். டாக்டர் வர முடியாது என்றால் தீர்ப்பாயம் நியமிக்கும் ஆணையர் மருத்துவமனைக்கே போய் வாக்குமூலம் பதிவு செய்யக் கேட்கலாம். இந்தப் படியைச் செலவு என்று நினைத்து விட்டுவிடாதீர்கள், 4 லட்ச ரூபாய் பில்லுக்கு இதுதான் முதுகெலும்பு.

காப்பீட்டில் வந்த 2,00,000 பற்றி. சொந்தமாகப் பிரீமியம் கட்டி வாங்கிய மருத்துவக் காப்பீட்டுத் தொகையை நஷ்டஈட்டிலிருந்து கழிக்கலாமா என்பதில் உயர் நீதிமன்றங்கள் ஒரே மாதிரி தீர்ப்பளித்ததில்லை. கழிக்கக் கூடாது என்று மும்பை உயர் நீதிமன்ற முழு அமர்வு 2025 மார்ச்சில் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டுத் தீர்ப்பாயத்தை அது கட்டுப்படுத்தாது, ஆனால் வாதத்துக்கு வலுவான துணை. எதிர்த்தரப்பு கழிக்கத்தான் கேட்கும். எதையும் மறைக்காதீர்கள். மூல பில்கள் காப்பீட்டு நிறுவனத்திடம் போயிருக்கும். அவர்களிடமிருந்து, எந்த பில்லுக்கு எவ்வளவு தந்தோம், எதை மறுத்தோம் என்ற தீர்வுக் கடிதத்தையும், மருத்துவமனையிடமிருந்து முத்திரையிட்ட நகல் பில்லையும் வாங்குங்கள். சொந்தக் கையிலிருந்து போன 2,60,000-க்கு எந்தத் தகராறும் இருக்கக் கூடாது, 2,00,000-க்கு சட்ட வாதம் மட்டுமே மிஞ்ச வேண்டும். அரசுத் திட்டத்தில் நேரடியாக மருத்துவமனைக்குப் போன பணம் வேறு கதை. தமிழ்நாட்டின் இன்னுயிர் காப்போம் திட்டம் முதல் 48 மணி நேரத்துக்கும், மத்திய அரசின் 2025 கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டம் 7 நாள் வரை 1,50,000-க்கும் உதவுகின்றன. அந்தத் தொகையை நீங்கள் செலவழித்ததாகக் காட்ட முடியாது.

மருத்துவமனை பில்லோடு கேட்கக்கூடியது முடிந்துவிடவில்லை. (2011) 1 எஸ்.சி.சி. 343 தீர்ப்பில் (எஸ்.சி.சி. என்பது உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளின் தொகுப்பு) உச்ச நீதிமன்றம் தலைப்புகளை வரிசைப்படுத்தியிருக்கிறது: சிகிச்சை, மருந்து, போக்குவரத்து, சத்துணவு, இதர செலவு, சிகிச்சைக் காலத்தில் போன வருமானம், நிரந்தர ஊனத்தால் இனி போகும் வருமானம், எதிர்கால மருத்துவச் செலவு, வலியும் வேதனையும், வாழ்க்கை வசதி இழப்பு, ஆயுள் குறைவு. போக்குவரத்துக்கு வெளிநோயாளியாகப் போன தேதிகளோடு ஒத்துப்போகும் வாடகைச் சீட்டுகள் வேண்டும். பிசியோதெரபிக்கு ஒவ்வொரு நாளும் கையெழுத்தான அட்டை. கூட இருந்து பார்த்துக்கொண்டது தாயோ மனைவியோ என்றாலும் உதவியாளர் செலவைக் கேளுங்கள். அவர்கள் சம்பளம் வாங்கவில்லை என்பதால் அந்த உழைப்புக்கு மதிப்பில்லை என்றாகாது. வாழ்நாள் முழுக்க உதவியாளர் தேவைப்படும் பெருங்காயத்தில், அந்தச் செலவை வயதுக்குரிய பெருக்கெண்ணால் (ஓர் ஆண்டுத் தொகையை எத்தனையால் பெருக்குவது என்ற எண்) கணக்கிட வேண்டும் என்று (2020) 4 எஸ்.சி.சி. 413-ல் சொல்லப்பட்டிருக்கிறது. அதில் 12 வயதுச் சிறுமிக்கு மாதம் 5,000 வீதம் இரண்டு உதவியாளர், 12 மாதம், பெருக்கெண் 18 என்று 21,60,000 ரூபாய் வந்தது.

எதிர்காலச் செலவில் உங்களுக்கு நேரடியாக வருவது, கம்பியை அல்லது தகட்டை எடுக்கும் இரண்டாவது ஆபரேஷன். தீர்ப்புக்குப் பிறகு திரும்பி வந்து "இன்னும் செலவாகிவிட்டது" என்று கேட்க இந்தச் சட்டத்தில் வழியில்லை. (2003) 2 எஸ்.சி.சி. 274-ல் உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லி, அதனால் இறுதித் தீர்ப்பிலேயே எதிர்காலச் செலவைச் சேர்க்க வேண்டும் என்றது. மனுவில் கேட்டதைவிட அதிகம் கொடுக்கவும் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு என்பதும் அதே தீர்ப்பு. ஆகவே சிகிச்சை செய்த எலும்பு டாக்டரிடம் "ஏறக்குறைய எத்தனை மாதம் கழித்து, என்ன அறுவை, எத்தனை நாள் படுக்கை, எவ்வளவு ஆகும்" என்று தேதியிட்டு எழுதி வாங்கி, அதை அவரது சாட்சியத்திலும் சொல்ல வையுங்கள். சிகிச்சையே செய்யாத ஒருவர் ஒரே பார்வையில் எழுதிக் கொடுக்கும் ஊனச் சான்றிதழை வாங்காதீர்கள். தீர்ப்பாயங்கள் அதை நம்புவதில்லை, மருத்துவக் குழுவுக்கு அனுப்பிவிடுவார்கள்.

கார் ஓட்டியவரிடம் லைசென்ஸ் இல்லை என்று இன்சூரன்ஸ் கம்பெனி சொன்னால் கலங்க வேண்டாம். அடிபட்டவருக்குக் கம்பெனி முதலில் கொடுத்துவிட்டு, உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்படி உத்தரவிடும் வழக்கம் இருக்கிறது. காருக்கு இன்சூரன்ஸே இல்லை என்றால்தான் சிக்கல், அப்போது உரிமையாளரின் சொத்து ஒன்றே வழி. ஆகவே விபத்து நாளில் பாலிசி உயிரோடு இருந்ததா என்பதை முதல் வாரத்திலேயே எப்.ஐ.ஆர். ஆவணங்களிலிருந்து உறுதி செய்துகொள்ளுங்கள். அண்ணன் பைக்கின் பின்னால் வேறு யாராவது உட்கார்ந்திருந்தார் என்றால், அவரும் தனி மனு போடலாம்.

மக்கள் நீதிமன்றத்தில் சமரசத் தொகை பேசுவார்கள். அங்கே முடிந்தால் பணம் சீக்கிரம் வரும், ஆனால் அதன் மீது மேல்முறையீடு இல்லை. இரண்டாவது ஆபரேஷன் செலவும் ஊன விழுக்காடும் தெரியாத நிலையில் போய் உட்காராதீர்கள். உங்கள் நோட்டுக் கணக்கு முழுமையாக இருந்தால், எந்தத் தொகைக்குக் கீழே இறங்கக் கூடாது என்று அங்கேயே தெரியும்.

தீர்ப்பு குறைவாக வந்தால் 173-வது பிரிவில் 90 நாளுக்குள் உயர் நீதிமன்றம் போகலாம், தகராறில் உள்ள தொகை ஒரு லட்சத்துக்குக் கீழ் என்றால் முடியாது. தீர்ப்பு நாளன்றே சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பம் போட்டுவிடுங்கள். மருத்துவச் செலவுத் தலைப்பில் எந்த பில் எண் தள்ளப்பட்டது, என்ன காரணம் என்பதை அந்த நகலில் பார்த்து உங்கள் நோட்டோடு ஒப்பிட்டால்தான், மேல்முறையீட்டுக்குப் பொருள் இருக்கிறதா என்று வக்கீலால் சொல்ல முடியும்.